தோட்டத்தோடு சேர்த்து

பணி ஓய்வுக்குப் பிறகு சிறுமலையில் நாலு ஏக்கர் வாங்கி, நடுவில் ஓட்டு வீடு கட்டி, காப்பியும் மிளகுமாக வாழ்ந்துவிட வேண்டும் என்று ஒரு இலக்கிய நண்பர் சொன்னார். முற்போக்கானவர்தான். காவலுக்கு யாரை வைப்பீர்கள் என்று கேட்டேன். "அங்கேயே ஒரு குடும்பம் இருக்காம் தோழர். மூணு தலைமுறையா நம்பிக்கையான ஆளுகளாம். தோட்டத்தோட சேத்துத்தான் தர்றாங்களாம்."

கிணறு, மோட்டார், பலா மரங்கள், ஒரு குடும்பம்.

அப்படி ஒரு குடும்பத்தில் பிறந்தவன் நான். திண்டுக்கல் பஸ் பதினெட்டுக் கொண்டை ஊசி வளைவு ஏறி இறக்கிவிட்ட பிறகும் ஒத்தையடிப் பாதையில் நடக்கவேண்டும். சுமை எல்லாம் குதிரை முதுகில். அம்மா விடியுமுன்னே ஊத்துத் தண்ணிக்குப் போவாள். அய்யா ராத்திரி பூராவும் தகரம் தட்டிக் காட்டுமாட்டையும் பன்னியையும் விரட்டிவிட்டு வந்து படுப்பார். உதிர்ந்த எலுமிச்சைக்கும் கணக்கு உண்டு. பெரிய வீட்டுச் சாவி எங்களிடம்தான் இருக்கும். ஆனால் அவர்கள் வந்துவிட்டால் அம்மா அடுப்படிக்குள் நுழையக்கூடாது. பத்து வயசுப் பொடியன் எங்கய்யாவைப் பேர் சொல்லிக் கூப்பிடுவான். அய்யா 'சாமி' என்று ஓடுவார். இதுதான் இவர்கள் உருகுகிற மண்ணோடு வாழும் வாழ்க்கை.

எம்.ஏ. வகுப்பில் மனை என்றால் வீடு, மனை என்றால் மனைவி, மனையறம் என்று பாடம் கேட்டேன். எங்களுக்கு மனை என்றால் பட்டா இல்லாதது, அவ்வளவுதான்.

சிறுமலை வாழைக்கு 2008-09இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மகிழ்ச்சி. எழுபதுகளில் முடிக்கொத்து நோய் வந்து அந்த வாழை அழிந்தபோது, நோய் பிடித்த மரங்களை வெட்டிப் போட்டது எங்கள் அப்பத்தா கை. மிஞ்சிய கட்டையைக் காப்பாற்றியதும் அதே கைதான். பழம் எந்த ஊருடையது என்று பதிவாகிவிட்டது. நட்டவள் எந்த ஊர்க்காரி என்பதற்கு ஒரு துண்டுக் காகிதம் இல்லை.

இந்த மலையடிவாரத்தில்தான் 1947இல் காந்திகிராமம் தொடங்கியது. அடுத்த ஆண்டு நவம்பர் 4ஆம் நாள் அரசியல் நிர்ணய சபையில் கிராமத்தைக் கொண்டாட மறுத்தார் அம்பேத்கர். அவர் பேச்சை நம் மேடைகளில் சொல்லிக்கொண்டே இருக்கிறோம். ஆனால் தோழர்களே, நம்மையும் கேட்கவேண்டியிருக்கிறது. 1892 பஞ்சமி நிலம் பேசுகிறோம். 1994இல் செங்கல்பட்டில் அதற்காகச் சுடப்பட்டுச் செத்த ஜான் தாமஸ், ஏழுமலை பேரைச் சொல்லி முழங்குகிறோம். தோட்டத்துக் குடும்பம் எந்தக் கூட்டத்தில் வந்தது? அதற்குச் சேரி கிடையாது, தெரு கிடையாது. தோட்டத்துக்கு ஒரு குடிசை. பக்கத்துக் குடிசைக்கு அரை மணி நேரம் நடக்கவேண்டும். அடித்தால் கேட்கக்கூட ஆள் இல்லாத இடத்தில் எங்கே சங்கம் வைப்பது?

1971இல் ஒரு சட்டம் வந்தது. குடியிருப்பு அனுபவதாரர் சட்டம். அந்த ஆண்டு ஜூன் 19இல் அடுத்தவர் நிலத்தில் குடியிருந்த விவசாயக் கூலிக்குக் குடிசை மனை சொந்தம். குடிசை மட்டுமல்ல, வசதியாகக் குடியிருக்கத் தேவையான அக்கம்பக்க நிலமும் அதில் சேர்த்தி. கொல்லை, தோட்டம் என்று நாம் சொல்வது அதைத்தானே? எங்கள் தாத்தா அப்போது அங்கேதான் இருந்தார். அப்பத்தா சொல்லும்: "கலைஞரு சட்டம் போட்டுட்டாருன்னு பேசிக்கிட்டாக. மறுவாரமே மொதலாளி வந்து, மரம் சாயும்டா, குடிசையக் கீழ தள்ளிப் போடுன்னாரு." எனக்குப் பதினைந்து வயசு ஆவதற்குள் மட்டும் நாலு முறை குடிசை இடம் மாறியது. ஒரு தடவை மரம், ஒரு தடவை பாதை. அய்யா அதை மொதலாளியின் அக்கறை என்றே நம்பினார்.

போன வருஷம் தோட்டம் விலை பேசப்பட்டது. வாங்குகிறவர் விடுதி கட்டப்போகிறார், அவருக்கு நாங்கள் வேண்டாம். மொதலாளி மகன் இருபதாயிரம் ரூபாயை நீட்டினார். "உங்கள நாங்க குடும்பத்துல ஒருத்தராத்தான் நெனக்கிறோம்" என்றார். அய்யா கும்பிட்டார். அம்மா வாங்கவில்லை. "குடும்பத்துல ஒருத்தின்னா, பாகம் பிரிச்ச பத்திரத்துல எம் பேரு எங்க சாமி?"

மனு கொடுத்திருக்கிறோம், அம்மா பெயரில். அய்யாவுக்கு வருத்தம்தான். திண்டுக்கல் சீமையில் நிலமற்ற தலித் குடும்பத்தில் பிறந்த கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன், வெண்மணிக்குப் பிறகு கீழத்தஞ்சைக்குப் போய் நிலத்தைப் பெண்கள் பெயருக்கே வாங்கிக் கொடுத்த கதையைச் சொல்லித்தான் அவரைச் சம்மதிக்க வைத்தேன். 1971 வாக்காளர் பட்டியலில் தாத்தா பெயர் இருக்கிறது. மனு வாங்கியவர் புரட்டிப் பார்த்துவிட்டு, "அப்ப இருந்த எடத்துல இப்ப நீங்க இல்லியேம்மா, அது எந்த எடம்னு யாருக்குத் தெரியும்?" என்றார்.

"குடிசை போட்ட எடத்துல எல்லாம் எங்க அத்தை வாசல்ல ஒரு பலா வச்சிருக்கு" என்றாள் அம்மா. "மேல ஏறி வந்து எண்ணிப் பாருங்க."