சுற்றிக் கட்டினால் மெலியுமா?



மதரஸாவில் பாடம் முடிந்தபின் என்னிடம் தனியே வந்து நிற்கும் பெண்கள் பெரும்பாலும் மார்க்கச் சட்டம் பற்றித்தான் கேட்பார்கள். அண்மைக் காலமாக வேறொரு கேள்வியும் வருகிறது. "ஆலிமா, உடம்பில் ஏதோ பூசிப் பிளாஸ்டிக் தாளைச் சுற்றிக்கொண்டால் இடுப்புச் சதை கரைந்துவிடும் என்கிறார்களே, உண்மையா?" கேட்பவர்களுள் திருமணம் நிச்சயமான பெண்கள் உண்டு, இரண்டு பிள்ளை பெற்ற தாய்மார் உண்டு, பேரன் எடுத்த மாமி ஒருவரும் உண்டு.

இம்முறையை அறியாதவர்களுக்காகச் சற்று விளக்கிவிடுகிறேன். முல்தானி மிட்டியையோ, காப்பித்தூளையோ, சுக்குப் பொடியையோ எண்ணெயில் குழைத்து வயிற்றிலும் தொடையிலும் பூச வேண்டுமாம். மீந்த உணவுக் கிண்ணத்தை மூடுவதற்குச் சமையலறையில் வைத்திருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் தாளை அதன்மேல் நாலைந்து சுற்று இறுக்கிச் சுற்ற வேண்டுமாம். பிறகு கம்பளி போர்த்திக்கொண்டு ஒரு மணி நேரம் படுத்திருந்து, அவிழ்த்துவிட்டு அளவு நாடாவால் அளந்து பார்த்தால் அரை அங்குலமோ ஓர் அங்குலமோ குறைந்திருக்குமாம். அழகு நிலையங்களில் ஆயிரக்கணக்கில் பணம் கொடுத்துச் செய்துகொள்வதை வீட்டிலேயே செய்துகொள்ளலாம் என்பது இதன் கவர்ச்சி. நம் வீட்டுப் பெண்களுக்கு இன்னொரு வசதியும் தெரிகிறது. அந்நியர் கண்ணில் படவேண்டியதில்லை. நடைப்பயிற்சிக்கென்று தெருவில் இறங்கவேண்டியதில்லை. அறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டால் போதும்.

அந்தத் தாழிட்ட கதவைப் பற்றித்தான் முதலில் சொல்ல வேண்டியிருக்கிறது.

என் லாத்தாவின் மகளுக்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு கோடை விடுமுறையில் நிக்காஹ் நிச்சயமாகியிருந்தது. (அவளுடைய இசைவோடுதான் இதை எழுதுகிறேன்.) பெண் பார்க்க வந்த மணமகன் வீட்டுப் பெண்மணி ஒருவர், விடைபெறும்போது, "பிள்ளை கொஞ்சம் பூசினாற்போல இருக்கிறாள். கல்யாணத்துக்குள் குறைத்துவிடலாம்" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனார். சொன்னவர் வீடு போய்ச் சேருமுன் மறந்திருப்பார். கேட்டவள் மறக்கவில்லை. கல்யாண உடுப்பைத் தன் அளவைவிட இரண்டு அங்குலம் குறைத்தே தைக்கக் கொடுத்தாள். அதற்குள் உடம்பைக் கொண்டுவந்துவிட வேண்டும் என்பது அவள் எண்ணம்.

மூன்று வாரம், நாள்தோறும் லுஹர் தொழுகைக்குப் பின் அறையைத் தாழிட்டுக்கொண்டு, மின்விசிறியையும் நிறுத்திவிட்டு, இந்தச் சுற்றும் கட்டுமாகக் கிடந்திருக்கிறாள். பகலுணவையும் விட்டுவிட்டாள். உம்மா கேட்டால் தூக்கம் வருகிறது என்பாள். ஒருநாள் பிற்பகல் படுக்கையைவிட்டு எழுந்தவள் கதவருகே வந்து மயங்கி விழுந்தாள். நிலைச்சட்டத்தில் நெற்றி மோதிக் கிழிந்தது. மச்சான் கதவைப் பெயர்த்துத்தான் உள்ளே போக வேண்டியிருந்தது. நெற்றியில் நான்கு தையல். கையில் இரண்டு பாட்டில் சலைன். நிக்காஹ்வுக்குப் பதினோரு நாள் இருந்தது.

மருத்துவமனைக் கட்டிலில் அவள் என்னிடம் கேட்டது இதுதான்: "சாச்சி, ஒரு மணி நேரத்தில் தராசு முக்கால் கிலோ குறைத்துக் காட்டியதே, அது பொய்யா?"

பொய்யில்லை. எடை குறைந்தது உண்மை. குறைந்த பொருள் எது என்பதில்தான் ஏமாற்றம் இருக்கிறது. ஒரு லிட்டர் தண்ணீரின் எடை ஒரு கிலோ. முக்கால் லிட்டர் வியர்வை வெளியேறினால் தராசு முக்கால் கிலோ குறைத்துக் காட்டத்தான் செய்யும். வியர்வை என்பது தண்ணீரும் சிறிது உப்பும்; அதில் கொழுப்பு இல்லை. தாகத்துக்குத் தண்ணீர் குடித்த மாத்திரத்தில் போன எடை வீடு திரும்பிவிடுகிறது.

அப்படியானால் அளவு நாடா காட்டிய அங்குலக் கணக்கு? இதற்கு விடை காண நீங்கள் எந்த நூலையும் புரட்ட வேண்டியதில்லை. இரவில் உடை மாற்றும்போது பாவாடை நாடா கட்டிய இடத்தைப் பாருங்கள். இடுப்பைச் சுற்றிப் பள்ளம் விழுந்திருக்கும். நாடா அழுத்திய இடத்தில் தோலுக்கடியில் உள்ள நீர் பக்கங்களுக்கு ஒதுங்கியிருக்கிறது, அவ்வளவே. சிறிது நேரத்தில் பள்ளம் நிரவிவிடும். முப்பது ஆண்டுகளாக நாள்தோறும் பன்னிரண்டு மணி நேரம் இடுப்பை இறுக்கிய நாடா எந்தப் பெண்ணின் இடுப்பைக் கரைத்திருக்கிறது? ஒரு மணி நேரப் பிளாஸ்டிக் மட்டும் எப்படிக் கரைக்கும்?

இன்னொன்றையும் கவனியுங்கள். வயிற்றுக் கொழுப்பு இரு வகை. ஒன்று தோலுக்கடியில் கையால் பிடிக்கக் கிடைப்பது. மற்றொன்று தசைச் சுவருக்கு உட்புறம், குடலையும் ஈரலையும் சூழ்ந்து கிடப்பது. நீரிழிவுக்கும் இதய நோய்க்கும் வழிகோலுவது பெரிதும் இந்த இரண்டாவதுதான். வெளியே என்ன பூசினாலும் எவ்வளவு இறுக்கினாலும் அதை எட்டாது.

கொழுப்பு உடலைவிட்டு வெளியேறும் வழியைப் பற்றி 2014ஆம் ஆண்டு ரூபன் மீர்மன், ஆண்ட்ரூ பிரவுன் என்னும் இருவர் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் ஒரு கணக்கை வெளியிட்டார்கள். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள். பத்துக் கிலோ கொழுப்பு உடலுக்குள் முழுமையாக எரிந்தால் 8.4 கிலோ கரியமில வாயுவாக மூச்சின் வழியே வெளியேறுகிறது, மீதி 1.6 கிலோ தண்ணீராக மாறுகிறது. கொழுப்பு வெளியேறும் வாசல் தோல் அன்று, மூக்கு! பட்டம் பெறும் வரை கலைப்பாடம் மட்டுமே படித்த எனக்கு இதை முதன்முதலில் படித்தபோது வியப்பு அடங்கவில்லை. உடனே வேகவேகமாக மூச்சுவிடத் தொடங்கிவிடாதீர்கள்; தலைதான் சுற்றும். உடலுக்கு ஆற்றல் தேவைப்படும் அளவுக்கே கொழுப்பு எரியும். கம்பளிக்குள் படுத்திருக்கும் உடல் ஏறத்தாழச் சும்மா படுத்திருக்கும் உடலின் அளவுக்குத்தான் எரிக்கும்.

வியர்வை எதற்காக வருகிறது என்பதையும் நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. அது ஆவியாகிப் போகும்போது உடலின் சூட்டையும் உடன் கொண்டுபோகிறது. பிளாஸ்டிக்கால் மூடிவிட்டால் வியர்வை ஆவியாக வழியில்லை. தண்ணீரும் போகிறது, சூடும் தணிவதில்லை. 1997ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்காவில் ஐந்து வாரங்களுக்குள் மூன்று கல்லூரி மல்யுத்த வீரர்கள் இறந்துபோனார்கள். போட்டிக்குமுன் எடையைக் குறைப்பதற்காகக் காற்றுப் புகாத உடையணிந்து, சூடான அறையில் கடும் பயிற்சி செய்து வியர்வையை வெளியேற்றியவர்கள் அவர்கள். அதன் பின்னரே அந்நாட்டுக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் அவ்வுடைகளைத் தடை செய்தது. 2011ஆம் ஆண்டு கனடாவின் கியூபெக் மாநிலத்தில், மெலிவதற்காக அன்றி ஏதோ மனப்பயிற்சி என்ற பெயரில், சேறு பூசிப் பிளாஸ்டிக்கும் போர்வையும் சுற்றிப் பல மணி நேரம் படுக்க வைக்கப்பட்ட ஒரு பெண் உயிரிழந்தார். நடத்தியவரை நீதிமன்றம் குற்றவாளி எனத் தீர்ப்பளித்தது. நோக்கம் எதுவாயினும் உடலுக்கு நேர்வது ஒன்றுதான்.

விற்பவர்கள் பேச்சைச் சட்டம் எப்படிப் பார்க்கிறது என்றும் சொல்ல வேண்டும். விளம்பர மோசடிகளைக் கண்காணிக்கும் அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம், கேட்ட மாத்திரத்திலேயே பொய் என்று தள்ளத்தக்க எடைக்குறைப்பு வாக்குறுதிகள் என ஏழைப் பட்டியலிட்டிருக்கிறது. உடலில் அணிவதாலோ தோலில் தேய்ப்பதாலோ கணிசமாக எடை குறையும் என்பது அவற்றுள் ஒன்று. 2011இல் நிவியா நிறுவனம் தன் களிம்பொன்று உடலை மெலியச் செய்யும் என்று விளம்பரம் செய்ததற்காக ஒன்பது லட்சம் டாலர் கட்ட நேர்ந்தது. 2014இல் காபியில் உள்ள காஃபீனை உள்ளாடைத் துணியிலேயே ஏற்றி, அணிந்தால் தொடை மெலியும் என்று விற்ற இரு நிறுவனங்கள் பதினைந்து லட்சம் டாலரை வாடிக்கையாளர்களுக்குத் திருப்பித்தர ஒப்புக்கொண்டன. காப்பித்தூளைக் குடிக்கவும் வேண்டும், உடுக்கவும் வேண்டும் என்றால் காப்பித் தோட்டம் தாங்குமா?

இனி, மருத்துவர் கேட்ட கேள்விக்கு வருகிறேன். நெற்றிக்குத் தையல் போட்டு முடித்தபின் அந்த அம்மையார் அமைதியாகக் கேட்டார்: "மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதாம்மா?" பெண் வாய் திறக்கவில்லை. லாத்தா என் முகத்தைப் பார்த்தார். பிறகுதான் தெரிந்தது, நான்கு மாதமாக அவளுக்கு ஹைளு வரவில்லை என்பது. முகத்தில் முடி வளர்வதையும் மறைத்து வந்திருக்கிறாள். வெளியே சொன்னால் பிள்ளைப்பேறு பற்றிப் பேச்செழும், நிச்சயித்த சம்பந்தம் நின்றுபோகும் என்ற அச்சம்.

சகோதரிகளே, அன்று நான் வெட்கித் தலைகுனிந்தேன். பதினெட்டு ஆண்டுகளாக மதரஸாவில் ஹைளுடைய சட்டங்களை நடத்துகிறவள் நான். குறைந்த நாள் எத்தனை, கூடிய நாள் எத்தனை, எப்போது தொழலாம், எப்போது தொழக்கூடாது என்று எத்தனையோ பிள்ளைகளுக்கு எழுதிப் போட்டவள். "வராமல் போனால் உம்மாவிடம் சொல்லுங்கள், மருத்துவரிடம் போங்கள்" என்று ஒரு வரி சொல்லிக்கொடுத்ததில்லை. என் மடியில் வளர்ந்த பிள்ளையே என்னிடம் சொல்லவில்லை.

இரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் செய்து, பி.சி.ஓ.எஸ். என்றார் மருத்துவர். சினைப்பை நீர்க்கட்டி என்று பலரும் அறிந்த கோளாறு. பெரும்பாலும் இன்சுலின் சரிவர வேலை செய்யாமல் போவதும், ஆண்மைச் சுரப்பு மிகுவதும் இதில் சேர்ந்திருக்கும். இடுப்பைச் சுற்றி எடை கூடும். சதை அவளுடைய சோம்பலால் வந்ததன்று. நோயின் அடையாளங்களுள் ஒன்று. தைராய்டு குறைவிலும் எடை கூடுவதுண்டு. உடம்பு காரணமின்றிப் பருத்தால் முதலில் நாட வேண்டியது மருத்துவரை என்பது பிளாஸ்டிக் தாள் வாங்கும்போது யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை. இருக்கும் எடையில் நூற்றுக்கு ஐந்து பங்கு குறைந்தாலே பலருக்கு ஹைளு சீராகத் தொடங்கும் என்று அவர் தெம்பூட்டினார்.

மணமகன் வீட்டாரிடம் சொல்வதா மறைப்பதா என்று வீட்டில் மூன்று நாள் வாதம் நடந்தது. மச்சான் நேரே போய்ச் சொல்லிவிட்டார். மறுநாள் மணமகனின் உம்மா தாமே வந்தார். தம் மகளுக்கும் இதே கோளாறு இருந்து மருந்து எடுத்ததாகச் சொல்லி, பிள்ளையின் நெற்றிக் கட்டைத் தடவிக்கொடுத்துவிட்டுப் போனார்.

உண்மையில் எடை குறைய எவ்வளவு காலம் பிடிக்கும் என்று கேட்பீர்கள். ஒரு கிலோ உடற்கொழுப்பில் ஏறத்தாழ 7,700 கிலோ கலோரி அடங்கியிருக்கிறது. அறுபது கிலோ எடையுள்ள பெண் ஒரு மணி நேரம் விரைந்து நடந்தால் இருநூற்றுச் சொச்சம் செலவாகும். ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் 120 இருக்கிறது. தாளிப்பில் நாளுக்கு இரண்டு கரண்டியைக் குறைத்து, மொட்டை மாடியிலேனும் ஒரு மணி நேரம் நடந்தால் மாதத்துக்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேல் கணக்கு வருகிறது. காகிதக் கணக்கைவிட உடம்பு சற்றுக் குறைவாகவே தரும். விளம்பரத்துக்கு உதவாத வேகம்தான்.

இன்னும் சிலவற்றை விரைந்து சொல்லிவிடுகிறேன். நோன்பு வைத்துக்கொண்டு இந்தச் சுற்றைச் சுற்றவே சுற்றாதீர்கள். இழந்த தண்ணீரை மஃரிப் வரை ஈடு செய்ய வழியில்லை. கருவுற்ற தொடக்க மாதங்களில் உடல் அளவுக்கு மீறிச் சூடாவது சிசுவுக்கே கேடு. இரத்த அழுத்தத்துக்கு நீர்பிரியும் மாத்திரை எடுப்போரும், இதய நோயாளிகளும், காலில் மரமரப்புள்ள நீரிழிவுக்காரர்களும் அண்டக்கூடாது. சுக்கு, மிளகு, இலவங்கப்பட்டை போன்றவற்றைப் பூசி மேலே மூடினால் காரம் தோலில் ஊன்றிக் கொப்புளம் கண்டுவிடும்.

"அப்படியானால் பிள்ளை பெற்றபின் நம் நன்னிமார் துணியால் வயிற்றைக் கட்டினார்களே?" என்று ஒரு சகோதரி கேட்டார். நியாயமான கேள்வி. மலாய் மக்களிடமும் 'பெங்குங்' என்று நீண்ட துணியால் கட்டும் வழக்கம் உண்டு. மலேசியாவில் வாழ்ந்து திரும்பிய நம்மவர் சிலர் அதை அறிவார்கள். பேறு முடிந்த தளர்ந்த வயிற்றுக்கு மிதமான கட்டு தாங்கலாக இருக்கிறது. அறுவை செய்து பிள்ளை எடுத்தவர்களுக்கு எழுந்து நடக்கையில் வலி குறைய உதவுவதாக ஆய்வுகளும் உண்டு. ஆனால் கருப்பை ஆறு வாரத்தில் தானே சுருங்கிவிடுகிறது. கட்டினாலும் கட்டாவிட்டாலும் சுருங்கும். கொழுப்பைக் கரைப்பது கட்டின் வேலையன்று. மூச்சுத் திணறும்படி இறுக்கினால் அடிவயிற்றுத் தசைகளின் மீது பளு ஏறும். எனவே மருத்துவரிடமோ செவிலியரிடமோ கேட்டுக்கொண்டு, தளர்வாகக் கட்டுங்கள்.

அளவு நாடாவைத் தூக்கி எறிய வேண்டாம். நம் நாட்டுப் பெண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 80 சென்டிமீட்டருக்கு மேலும், ஆண்களுக்கு 90க்கு மேலும் போனால் இரத்தச் சர்க்கரையைப் பரிசோதிப்பது நல்லது. மாதம் ஒருமுறை, காலையில், எதையும் சுற்றாத வயிற்றில் அளந்து குறித்து வையுங்கள். வீட்டு ஆண்களையும் அளந்துவிடுங்கள். அவர்களைப் பெண் பார்க்க வந்து எவரும் குறை சொல்வதில்லையாதலால் அவர்கள் அளப்பதே இல்லை.

அந்தக் கல்யாண உடுப்பு என்னவாயிற்று என்று கேட்பீர்கள். தையற்காரரிடம் கொண்டுபோனோம். பக்கவாட்டில் உள்ளே மடித்துத் தைத்திருந்த துணி தாராளமாக இருந்தது. அங்கேயே உட்கார்ந்து பிரித்து, இரண்டு அங்குலம் விட்டுத் தைத்துக் கொடுத்துவிட்டார்.