கிளாஸ்கோவில் ஒலித்த நம்பிக்கையும் நிலக்கரிச் சிக்கலும்

கிளாஸ்கோ பருவநிலை மாநாட்டில் 2021 நவம்பர் 2-இல் உலகத் தலைவர்கள் முன்னிலையில் பேசிய திருவண்ணாமலை மாணவி வினிஷா உமாசங்கர், வெற்று வாக்குறுதிகள் மீது கோபம் கொள்ளவும் தமக்கு நேரமில்லை, செயல்படவே விரும்புவதாகக் கூறினார். கரிக்கு மாற்றாகச் சூரிய மின்சக்தியில் இயங்கும் இஸ்திரி வண்டியை வடிவமைத்தவர் என்பதால் அப்பேச்சு பரவலான பாராட்டைப் பெற்றது.

பதினொரு நாள்களில், அதே மாநாட்டின் தீர்மானத்தில் நிலக்கரி மின்சாரத்தைப் படிப்படியாகக் 'கைவிடுதல்' என்ற சொல், இந்தியா முன்மொழிந்த திருத்தத்தால் 'குறைத்தல்' என மாறியது. சிறு தீவு நாடுகள் வேதனை தெரிவித்தன. எனினும் இந்தியாவை மட்டும் குறைகூறுவது நியாயமன்று. 2020-க்குள் ஆண்டுக்கு 10,000 கோடி டாலர் திரட்டித் தருவதாக 2009-இல் உறுதியளித்த வளர்ந்த நாடுகள், தங்கள் சொந்தக் கணக்கின்படியே 2022-இல்தான் அத்தொகையை எட்டின. நிலக்கரியைக் கைவிடுவதற்கான முதலீடு எங்கிருந்து வரும் என்பதே இன்றும் தீராத கேள்வி. 2024 பாகூ மாநாடு 2035-க்குள் ஆண்டுக்கு 30,000 கோடி டாலர் என்றது. அது போதாது என அந்த அரங்கிலேயே இந்தியா எதிர்ப்புத் தெரிவித்தது.