உள்ளே இருக்கும் பூர்ணம்

கொழுக்கட்டையைக் கையில் எடுத்ததும் நம் கண்ணில் படுவது வெள்ளை வெளேரென்ற மேல் மாவுதான். சொப்பு மெல்லியதாக வந்திருக்கிறதா, விரிசல் விடாமல் வெந்திருக்கிறதா என்றெல்லாம் பார்த்துப் பாராட்டுகிறோம். ஆனால் நாவுக்கு ருசி தருவது உள்ளே மறைந்திருக்கும் பூர்ணம் அல்லவா? நாடகத்திலும் சினிமாவிலும் இதே கதைதான். கதாநாயகனும் கதாநாயகியும் மேல் மாவு. தகப்பனாராகவும், தாத்தாவாகவும், மானேஜராகவும், அடுத்த வீட்டுக்காரராகவும் வந்து போகிறவர்களே பூர்ணம். அவர்களுக்குக் குணசித்திர நடிகர்கள் என்று கௌரவமான ஒரு பட்டத்தைச் சூட்டியிருக்கிறோம். படம் முடிந்து வீடு திரும்புவதற்குள் அவர்களுடைய பெயரை மறந்தும் விடுகிறோம்.

பூர்ணம் என்பதைப் பெயரிலேயே தாங்கியிருந்த ஒருவரை இவ்வாரம் நேயர்களுக்கு ஞாபகப்படுத்த விரும்புகிறோம். அவர்தாம் ஸ்ரீ பூர்ணம் விசுவநாதன். 1921ம் வருஷம் திருநெல்வேலிச் சீமையில் பிறந்தவர். வாலிப வயதில் டில்லிக்குச் சென்று, அகில இந்திய ரேடியோவில் தமிழ்ச் செய்தி வாசிக்கும் உத்தியோகத்தில் அமர்ந்தார். 1947ம் வருஷம் ஆகஸ்டு மாதம் 15ந் தேதி அதிகாலையில், பாரத நாடு சுதந்திரம் அடைந்துவிட்டது என்னும் செய்தியைத் தமிழில் வாசிக்கும் பாக்கியம் அவருக்குக் கிட்டியது. அப்போது அவருக்கு வயது இருபத்தாறுகூட நிரம்பவில்லை.

செய்தி வாசிப்பது சுலபமான காரியம் என்று நினைப்பவர்கள் உண்டு. எழுதிக் கொடுத்ததைப் படிக்க என்ன சாமர்த்தியம் வேண்டும் என்று கேட்பார்கள். ஒரு தேசத்தின் பல தலைமுறைக் கனவு நனவாகிவிட்டதென்று சொல்ல வேண்டிய நிமிஷத்தில், குரல் தழுதழுக்கவும் கூடாது. ஆனந்தத்தில் கூவவும் கூடாது. செய்திக்கு முன்னால் வாசிப்பவன் வந்து நிற்கலாகாது. கேட்பவர்களின் மனத்தில் சுதந்திரம் நிற்க வேண்டுமே தவிர, விசுவநாதன் நிற்கக் கூடாது. தன்னை மறைத்துக்கொண்டு விஷயத்தை விளங்க வைக்கும் இந்தப் பயிற்சியே பிற்காலத்தில் அவரைச் சிறந்த குணசித்திர நடிகராக்கியது என்பது நமது அபிப்பிராயம்.

சென்னைக்கு வந்த பிறகு நாடக மேடை அவரை முழுதும் ஆட்கொண்டது. சாவி எழுதிய 'வாஷிங்டனில் திருமணம்' மேடையேறியபோது அதில் நடித்தார். எழுத்தாளர் சுஜாதாவின் நாடகங்களைத் தமது குழுவைக் கொண்டு அரங்கேற்றினார். மந்தைவெளியில் குடியிருக்கும் நம்மைப் போன்றவர்களுக்கு ரஸிக ரஞ்சனி சபாவும் மயிலாப்பூர் பைன் ஆர்ட்ஸ் கிளப்பும் நடந்து போகிற தூரந்தான். காரியாலயத்திலிருந்து வந்து, காப்பி சாப்பிட்டுவிட்டு, குடும்பத்துடன் நாடகம் பார்க்கக் கிளம்பும் வழக்கம் இந்தப் பக்கத்தில் வெகு காலம் இருந்தது. அத்தகைய ரஸிகர்களுக்கு எதிரில், 'கடவுள் வந்திருந்தார்' நாடகத்தில் அவர் பென்ஷன் வாங்கும் ஸ்ரீனிவாசனாக நின்றார். எதிர்காலத்திலிருந்து வந்த விருந்தாளி அவர் கண்ணுக்கு மட்டும் தெரிகிறான்; வீட்டாரோ அவருக்குச் சித்தப் பிரமை என்று தீர்மானிக்கிறார்கள். உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற மனிதருடைய வார்த்தையை யார் மதிக்கிறார்கள்? சிரித்துக்கொண்டிருக்கும்போதே சபையில் பலருக்குச் சுருக்கென்று தைத்திருக்கும்.

சினிமாவில் அவருக்குக் கிடைத்தவை பெரும்பாலும் தந்தை வேஷங்களும் பாட்டனார் வேஷங்களுமே. 1980ல் வெளிவந்த 'வறுமையின் நிறம் சிவப்பு' படத்தில், வேலை தேடி டில்லிக்குப் போன மகனின் தந்தை. 1989ல் 'வருஷம் 16' படத்தில் ஒரு பெரிய கூட்டுக் குடும்பத்தின் பாட்டனார். 1994ல் 'மகாநதி'யில், சிறைச்சாலையில் கதாநாயகனுக்கு ஆறுதலாக நிற்கும் பஞ்சாபகேசன். எல்லாம் வயோதிகர்களே, ஆயினும் ஒருவர் போல் மற்றொருவர் இல்லை.

கடல் கடந்த ஸ்காட்லாந்திலும் இப்படி ஒருவர் இருந்தார். கிளாஸ்கோ நகரில் 1923ல் பிறந்த கார்டன் ஜாக்ஸன், பள்ளிப் பருவத்திலேயே பி.பி.ஸி. ரேடியோ நாடகங்களில் பேசியவர். பிறகு ரோல்ஸ் ராய்ஸ் கம்பெனியில் வரைபடம் போடும் வேலையில் சேர்ந்து, அங்கிருந்து சினிமாவுக்கு வந்தார். முப்பது வருஷ காலம் சிப்பாயாகவும் சிநேகிதனாகவும் நடித்த பின்னர், 1971 முதல் 1975 வரை டெலிவிஷனில் ஓடிய ஒரு தொடர் நாடகத்தில் ஹட்ஸன் என்னும் பட்லராக வந்தார். எஜமானர்களுக்குப் பின்னால் நிற்கும் அந்த ஊழியரைப் பிரிட்டனும் அமெரிக்காவும் கொண்டாடின. 1976ல் அவருக்கு எம்மி பரிசும் கிடைத்தது. பின்வரிசையில் நிற்பவனுக்கும் ஒரு நாள் விடியும் போலிருக்கிறது!

நமது விசுவநாதனுடைய நடிப்பில் எது சிகரம் என்று கேட்டால், 1990ல் வஸந்த் இயக்கிய 'கேளடி கண்மணி'யைச் சொல்வோம். அதில் அவருக்குக் காது கேளாத, வாய் பேசாத தகப்பனார் வேஷம். வயது வந்த மகள் கல்யாணம் செய்துகொண்டு போய்விட்டால் தங்கள் கதி என்ன என்று அஞ்சும் பெற்றோரில் ஒருவர். சுதந்திரச் செய்தியைத் தமிழ் நாட்டுக்குச் சொன்ன அதே மனிதர், ஒரு வார்த்தையும் பேசாமல், கண்ணாலும் கையாலும் அந்த அச்சத்தையும் சுயநலத்தையும் வெளியிடுகிறார். குரலே மூலதனமான ஒருவர் அதையும் துறந்துவிட்டு நடிக்க முடியுமானால், அவருடைய கலை தொண்டையில் இல்லை, மனத்தில் இருந்தது என்று அறிகிறோம்.

2008ம் வருஷம் பிப்ரவரியில் சுஜாதா மறைந்தார். அதே வருஷம் அக்டோபர் முதல் தேதி பூர்ணம் விசுவநாதனும் மறைந்தார்.

பள்ளிக்கூட நாடகத்திற்குப் பிள்ளைகளைப் பொறுக்கும்போது எல்லாரும் ராஜா வேஷமே கேட்கிறார்கள். அவர்களுடைய பெற்றோர்களும் அதையே கேட்கிறார்கள். ராஜா ஒருவர்தான் இருக்க முடியும். மந்திரியும் சேவகனும் சரியாக நின்றால்தான் அவன் ராஜாவாகத் தோன்றுவான். கிடைத்த சிறிய இடத்தைப் பூர்ணமாக நிரப்புவதற்கு நம் குழந்தைகளைப் பழக்கினோமானால், நாடகம் மட்டுமல்ல, நாடும் நன்றாக நடக்கும்.