தலை போன பின் வந்த சட்டம்

1991இல் சர்வதேசச் சைக்கிளோட்டச் சம்மேளனம் தலைக்கவசத்தைக் கட்டாயமாக்க முனைந்தபோது, பாரிஸ்–நீஸ் போட்டியின் வீரர்கள் போர்க்கொடி தூக்கினர். வெப்பம் தாங்காதாம்; தனிமனித சுதந்திரமாம். சம்மேளனம் பணிந்தது.

2003 மார்ச்சில் அதே போட்டியில் கசகஸ்தான் வீரர் அந்திரேய் கிவிலெவ் வீழ்ந்தார். தலையில் கவசம் இல்லை. மறுநாள் உயிர் பிரிந்தது; வயது 29. அவ்வாண்டு மே மாதமே கவசம் கட்டாயமாயிற்று. பன்னிரண்டு ஆண்டுகள் காத்திருந்தது ஒரு பிணத்துக்காகவா?

கவசத்தின் உள்ளிருக்கும் நுரைப்பொருள் தான் நசுங்கி, மோதலின் வேகத்தை வாங்கிக்கொள்கிறது. எல்லா மரணங்களையும் அது தடுத்துவிடாது என்பது மெய்யே. அதற்காக அதனை ஒதுக்குவது, கால் நனையுமென்று குடையை வீசுவதற்கு ஒப்பானது.

எங்கள் நாட்டில் மோட்டார் சைக்கிளில் செல்லும் தந்தைக்குக் கவசம் கட்டாயம். அதே வீதியில் பாடசாலைக்குச் சைக்கிள் மிதிக்கும் பிள்ளையோ வெறுந்தலையுடன். பிள்ளையின் மண்டை என்ன இரும்பா?