அணையா அடுப்புக்கு ஒரு பிடி அரிசி

வடலூர் சத்திய தருமச்சாலைக்கு வரும் அன்பர்கள் அங்கே ஓர் அடுப்பின் முன் நின்று கைகூப்புவார்கள். 21 அடி நீளமும் இரண்டரை அடி அகலமும் இரண்டரை அடி ஆழமும் கொண்ட அடுப்பு அது. திருவருட்பிரகாச வள்ளலார் 1867ஆம் ஆண்டு மே மாதம் 23ஆம் நாள் தருமச்சாலையைத் தொடங்கியபோது மூட்டிய நெருப்பு இன்றளவும் அணையாமல் காக்கப்பட்டு வருவதால், அதற்கு அணையா அடுப்பு என்றே பெயர். சாதி, சமயம், ஊர், பேர் எதுவும் கேளாமல், பசித்து வந்தவர் எவராயினும் அவருக்கு மூன்று வேளையும் அங்கே உணவு உண்டு.

அடுப்பு அணையாதிருக்க விறகு வேண்டும்; உலை கொதிக்க அரிசி வேண்டும். 150 ஆண்டுகளுக்கும் மேலாக இவற்றைக் கொண்டுவந்து சேர்த்த கைகள் எத்தனையோ. அவர்களுள் பெரும்பாலோரின் பெயர் எந்தக் கல்லிலும் பொறிக்கப்படவில்லை. அப்படிப்பட்டவர்களுள் ஒருவர், பண்ருட்டிக்கு அருகே ஒரு சிற்றூரில் வாழும் 72 வயது அம்மையார். கொடுத்துப் பழகிய கை தளர்ந்தபோது அவருக்கு நேர்ந்த சங்கடமும், அது தீர்ந்த விதமும், முதுமையில் தருமத்தைத் தொடர விரும்பும் அன்பர்கள் பலருக்கும் பயன் தரக்கூடியவை.

நிலம் கொடுத்தவர்களும் அரிசி கொடுத்தவரும்

அம்மையாரின் அனுபவத்தைக் காணுமுன், அந்தத் தருமம் எழுந்த வகையை நினைவுகூர்தல் தகும். 1823ஆம் ஆண்டு மருதூரில் அவதரித்த இராமலிங்க சுவாமிகள், சென்னை வாழ்வை விட்டுத் தென்னார்க்காட்டுச் சீமைக்குத் திரும்பிக் கருங்குழியில் தங்கியிருந்த காலம் அது. பசியால் வாடும் ஏழைகளைக் கண்டு உருகிய பெருமான், அவர்களுக்கு என்றென்றும் சோறிடும் சாலை ஒன்று அமைக்கத் திருவுளம் கொண்டார். அதற்கென, அந்நாளில் பார்வதிபுரம் என வழங்கிய வடலூரின் மக்கள் 80 காணி நிலத்தை மனமுவந்து அளித்தனர். இக்கால அளவில் அது ஏறத்தாழ 106 ஏக்கர். மண்ணை நம்பிப் பிழைத்த சிற்றூர் மக்கள் மண்ணையே கொடுத்தார்கள் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஜோதி வழிபாட்டுக்கு உரிய சத்திய ஞானசபை எழுந்தது 1872ஆம் ஆண்டில். தருமச்சாலையோ அதற்கு ஐந்து ஆண்டுகள் முற்பட்டது. முதலில் பசித்தவரின் வயிறு குளிர வேண்டும், வழிபாட்டு மண்டபம் அதன்பின் எழலாம் என்ற முறைமை அந்த வரிசையிலேயே விளங்குகிறது.

சாலை தொடங்கிய காலத்தில் நிகழ்ந்ததாக அடியார்கள் வழிவழியாகச் சொல்லிவரும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. ஒரு நாள் சாலையில் அரிசி தீர்ந்துவிட்டது. மறுநாள் வருவோருக்கு என் செய்வது என்று பொறுப்பாளர் கலங்கி வள்ளலாரிடம் விண்ணப்பித்தார். பெருமான் சற்றே தியானத்தில் இருந்து, வேண்டியவை நாளைக்கு வந்து சேரும் என்று அருளினார். மறுநாள் காலையில் திருத்துறையூரிலிருந்து அன்பர் ஒருவர் அரிசியும் பிற பண்டங்களும் ஏற்றிய வண்டிகளோடு வந்து நின்றார். முந்திய இரவு தமக்குக் கனவில் கட்டளை கிடைத்ததாக அவர் கூறினார். சுந்தரமூர்த்தி நாயனார் சிவபெருமானிடம் தவநெறி வேண்டிப் பெற்ற தலம் திருத்துறையூர். அவ்வூரிலிருந்து வந்த அரிசி, வடலூரில் அன்றைய பசியைத் தீர்த்தது.

கனவு கண்டவர் பலர் இருக்கலாம். விடிந்ததும் வண்டி பூட்டியவரே இன்றும் நினைக்கப்படுகிறார்.

பற்றுச்சீட்டு நிறைந்த பெட்டி

பண்ருட்டிப் பக்கத்து அம்மையாரின் கணவர் பள்ளி ஆசிரியராக இருந்தவர். பணி ஓய்வு பெற்ற ஆண்டில் அவர் ஒரு நியமம் பூண்டார். மாதந்தோறும் ஓய்வூதியம் வந்ததும், முதற்செலவாக 25 கிலோ அரிசிச் சிப்பம் ஒன்றைத் தருமச்சாலைக்கு அனுப்பிவிடுவார். கடைக்காரரிடம் பணத்தைக் கட்டினால் அவ்வழியே செல்லும் வண்டியில் மூட்டை போய்ச் சேரும். பற்றுச்சீட்டு வீடு வந்து சேரும். சீட்டுகள் எல்லாவற்றையும் ஒரு தகரப் பெட்டியில் அடுக்கி வைப்பார். இருவருமாக வடலூருக்குச் செல்வது தைப்பூசத்தன்று மட்டுமே. ஏழு திரைகளும் நீங்கி ஜோதி தெரியும் வேளையில் கூட்டத்தோடு நின்று தரிசித்துவிட்டு, இருட்டுமுன் வீடு திரும்பிவிடுவார்கள்.

கணவர் காலமானபின் அம்மையாருக்குக் குடும்ப ஓய்வூதியம் மட்டுமே வந்தது. வருமானம் சுருங்கியது, அரிசி விலையும் மருந்துச் செலவும் ஏறின. ஆயினும் மூட்டை நிற்கவில்லை. கணவர் தொடங்கிய தருமம் தம் கையில் குறைந்தால், அது அவருக்கே குறையாகிவிடுமோ என்ற அச்சம் அவரை வாட்டியது. சென்னையில் வேலை பார்க்கும் மகனிடம் கேட்கவும் கூச்சம். ஆகவே தமக்குள்ளேயே ஒரு கணக்குப் போட்டார். நாள்தோறும் உட்கொள்ள வேண்டிய சர்க்கரை நோய் மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் ஆக்கினார். இரவு உணவு ஒரு குவளை கஞ்சியாயிற்று. மாதம் முடிந்ததும் சிப்பம் வழக்கம்போல் வடலூருக்குச் சென்றது. பெட்டியில் ஒரு சீட்டு கூடியது.

இரண்டு பந்தி இல்லை

அந்த ஆண்டு ஒரு மாதப் பூச நாளில் அவர் தனியே பேருந்தேறி வடலூர் சென்றார். ஞானசபையில் தரிசனம் முடித்துத் தருமச்சாலை வாசலை அடைந்தபோது தலை சுற்றிற்று. தூணைப் பற்றிக்கொண்டு அமர்ந்துவிட்டார். பந்தி பரிமாறிக்கொண்டிருந்த முதிய தொண்டர் ஒருவர் அதைக் கண்டு அருகே வந்தார்.

“அம்மா, சாப்பிட்டீர்களா? எழுந்து வந்து முதலில் இலையில் உட்காருங்கள்” என்றார்.

“வேண்டாம் ஐயா. நான் கொடுக்க வந்தவள். இல்லாதவர்களுக்கு உரிய சோற்றில் நான் கை வைக்கலாமா?”

“பசித்தவருக்கு உரிய சோறு அம்மா இது. கொடுக்க வந்தவருக்கு ஒரு பந்தி, உண்ண வந்தவருக்கு ஒரு பந்தி என்று இங்கே இரண்டு பந்தி இல்லை.”

அம்மையார் தயங்கியபடியே அமர்ந்தார். பக்கத்து இலையில் முந்திரித் தோப்பில் கூலி வேலை செய்யும் பெண் ஒருத்தி, தன் சிறு மகனோடு உண்டுகொண்டிருந்தாள். அம்மையாரின் கை நடுங்குவதைக் கண்டு, தன் தண்ணீர்க் குவளையை அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள். அச்சிறுவன் இரண்டாம் முறை சோறு வாங்கி, இலையை வழித்து உண்டான். அவன் முகத்தையே அம்மையார் பார்த்துக்கொண்டிருந்தார். அத்தனை ஆண்டுகள் அரிசி அனுப்பியும், அதை உண்ட ஒரு முகத்தையேனும் அருகிருந்து கண்டதில்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அந்நாள் வரை அவர் அறிந்திருந்தவை பற்றுச்சீட்டுகள் மட்டுமே.

வள்ளலார் தம் ஜீவகாருண்ய ஒழுக்கம் என்னும் நூலில், பசி ஒருவரைப் பற்றும்போது கண்ணும் செவியும் நாவும் கைகால்களும் எவ்வாறு ஒவ்வொன்றாகச் சோர்கின்றன என்பதையும், உணவு கிடைத்ததும் அவை எவ்வாறு மீண்டும் தழைக்கின்றன என்பதையும் விரித்துரைக்கிறார். அன்று அம்மையார் அதைத் தம் உடம்பிலேயே கண்டார். நாலு கவளம் உள்ளே சென்றதும் கண் தெளிந்தது. காதில் இரைச்சல் அடங்கியது.

அளவறிந்து ஈதல்

பந்தி முடிந்தபின் அந்தத் தொண்டர் மெல்ல விசாரித்தார். மாத்திரையைக் குறைத்த செய்தியை அம்மையார் மறைக்கவில்லை. கேட்டவர் சிறிது நேரம் பேசாதிருந்தார். பிறகு, அதே நூலில் பெருமான் இல்லறத்தாருக்குச் சொல்லியிருக்கும் கருத்தை எடுத்துக்கூறினார். தன்னைச் சார்ந்தவர்களைப் பசியில் வாடவிட்டு அயலாரின் பசியை நீக்க முற்படுவது ஜீவகாருண்யம் ஆகாது. தன் குடும்பம் உண்டால் போதும் என்று அயலாரின் பசியைப் பாராமல் இருப்பதும் ஆகாது. இயன்ற அளவு சிக்கனம் செய்து, தன் தரத்துக்குத் தக்கபடி பிறர் பசியை நீக்க வேண்டும். இதுவே அக்கருத்தின் சாரம்.

“உங்கள் உடம்பும் ஓர் உயிர் குடியிருக்கும் வீடுதானே அம்மா? அதைப் பட்டினி போட்டு அனுப்பும் அரிசியைப் பெருமான் விரும்புவாரா?” என்று கேட்டார் அவர்.

“என் வீட்டுக்காரர் தொடங்கிய தருமம் குறைந்துபோகுமே, ஐயா.”

“மூட்டைதான் குறையும், அம்மா. தருமம் எப்படிக் குறையும்?”

அம்மையார் வீடு திரும்பியதும் அரிசிப் பானையின் அருகே ஒரு சிறு சம்படத்தை வைத்தார். நாள்தோறும் உலை வைக்குமுன் ஒரு பிடி அரிசியை அதில் இடுவது அன்றுமுதல் அவருடைய நியமமாயிற்று. காஞ்சி மகா பெரியவர் இல்லங்கள்தோறும் பரவ வேண்டும் என்று விரும்பி ஏற்படுத்திய பிடி அரிசித் திட்டமும் இதே வழியைத்தான் காட்டியது. வீட்டில் சமைக்குமுன் ஒரு பிடி அரிசியை இல்லாதவருக்கென எடுத்து வைப்பதால் எந்தக் குடும்பமும் நொடிந்துவிடாது. பல வீடுகளின் பிடிகள் ஒன்றுசேர்ந்தால் ஓர் உலையே பொங்கும்.

தாயார் மாத்திரையைக் குறைத்த செய்தி பிற்பாடு மகனுக்கும் எட்டியது. முதலில் கடிந்துகொண்டார், பிறகு வருந்தினார். இல்லத்தில் நிகழும் சுப காரியங்களின்போது பசித்த ஏழைகளின் பசியை ஆற்றுவிக்க வேண்டும் என்பதும் வள்ளலாரின் அறிவுரையே. அதை ஏற்று, தம் மகளின் பிறந்தநாள் தோறும் தருமச்சாலைக்கு ஒரு மூட்டை அரிசியைத் தம் செலவில் சேர்ப்பிக்கத் தொடங்கினார். தாத்தா பூண்ட நியமம் பேத்தியின் பிறந்தநாளில் தழைத்தது.

தருமம் செய்ய விழையும் முதியோர் மனத்தில் கொள்ளத்தக்கவை சில இதில் உள்ளன. மருந்துக்கும் உணவுக்கும் உரிய பணத்தில் கை வைத்துத் தருமம் செய்தல் வேண்டா. கொடுப்பதை உரிய அலுவலகத்தில் நேரே செலுத்திப் பற்றுச்சீட்டுப் பெறுதல் நலம். ஆண்டுக்கு ஒருமுறையேனும் தாம் உதவும் இடத்துக்குச் சென்று, அங்கே உண்பவர்களோடு அமர்ந்து உண்ணுதல் அதனினும் நலம். தொடங்கிய தருமத்தைப் பழைய அளவில் தொடர இயலாதபோது வெட்கி நிறுத்திவிடாமல், அளவைக் குறைத்துத் தொடர்வதே முறை. செய்தியைப் பிள்ளைகளிடம் மறைக்காமல் சொன்னால், அவர்களுக்கும் அறத்தில் ஒரு பங்கு கிடைக்கும்.

அடுத்த மாதப் பூசத்தன்று அம்மையார் துணிப்பை ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு பேருந்தில் வடலூர் சென்றார். அலுவலகத்தில் பையை நிறுத்தார்கள். இரண்டே கால் கிலோ இருந்தது. 25 கிலோவுக்கு எழுதியதைப் போலவே அதற்கும் சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். அதை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டு, அணையா அடுப்பின் முன் ஒரு கணம் கைகூப்பி நின்றார். பிறகு பந்தியில், தலையில் கூடைச் சும்மாட்டோடு வந்து அமர்ந்திருந்த ஒரு முதியவளுக்கு அருகே காலியாக இருந்த இலையின் முன் சென்று அமர்ந்தார்.