வெறுமையாக விடப்பட்ட பக்கம்



சில வாரங்களுக்கு முன் ஒரு நாள், அஸர் தொழுதுவிட்டு வீடு வந்தபோது முன்விறாந்தையில் எனது பழைய மாணவி ஒருத்தி தன் உம்மாவுடன் உட்கார்ந்திருந்தாள். ஆறாம் வகுப்பிலிருந்து சாதாரண தரம் வரை என்னிடம் இஸ்லாம் பாடம் படித்த பிள்ளை. இப்போது ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் படிப்பை முடித்துவிட்டு, பட்டமளிப்பு விழாவை எதிர்பார்த்திருக்கிறாள். அவளது மடியில் ஒரு தடித்த கோவை இருந்தது.

"மௌலவி, எங்கட பெச் பிள்ளைகளெல்லாம் சேர்ந்து ஒரு நினைவு மலர் போடுறம். கெம்பஸ் காலத்தப் பத்தி ஆளுக்கொரு பக்கம் எழுதியிருக்கம். எழுத்துப்பிழை பாத்துத் தரணும்" என்றாள்.

பிழை திருத்துவது எனக்குப் பழகிய வேலை. இருபது வருடங்களாகச் சிவப்புப் பேனையோடு காலம் கழிப்பவன் நான். "வைத்துவிட்டுப் போ மகள், இரண்டு நாளில் தருகிறேன்" என்று வாங்கி வைத்தேன்.

மொத்தம் முப்பத்து நான்கு பக்கங்கள். இரண்டு இரவுகள் இருந்து வாசித்தேன். எழுவாய் பயனிலை பார்க்க உட்கார்ந்தவன், பல இடங்களில் பேனையைக் கீழே வைத்துவிட்டேன்.

இந்தப் பிள்ளைகள் கடந்து வந்த காலத்தைச் சற்று எண்ணிப் பாருங்கள். இவர்கள் 2019 ஓகஸ்டில் உயர்தரப் பரீட்சை எழுதியவர்கள். அதற்கு நான்கு மாதங்களுக்கு முன்புதான் ஏப்ரல் 21 தாக்குதல்கள் நடந்தன. எமது பிள்ளைகள் பஸ்ஸில் ஏறவே அஞ்சிய நாட்கள் அவை. டிசம்பரில் பெறுபேறு வந்தது. 2020 மார்ச்சில் கொரோனா வந்து நாடே பூட்டப்பட்டது. வெட்டுப்புள்ளி வர அந்த வருடத்தின் கடைசிப் பகுதியாயிற்று. பல்கலைக்கழகம் என்று இவர்கள் முதலில் கண்டது கட்டடத்தை அல்ல, கைத்தொலைபேசியின் சிறிய திரையை. அது முடிய 2022 வந்தது. நாடு கடனைத் திருப்பிச் செலுத்த முடியாது என்று கைவிரித்தது. ஒரு நாளில் பதின்மூன்று மணித்தியால மின்வெட்டு, எரிவாயு இல்லை, பெற்றோல் இல்லை. அந்த வருடம் செப்டம்பரில் பணவீக்கம் 70 வீதத்தை நெருங்கியது. அதையும் தாண்டி வந்தால், 2024 மே மாதத்தில் பல்கலைக்கழகங்களின் கல்விசாரா ஊழியர்களின் வேலைநிறுத்தம் தொடங்கி, இரண்டு மாதங்களுக்கு மேல் நீடித்தது. பாடசாலையை விட்டு ஆறு வருடங்களின் பின்புதான் இவர்கள் கையில் பட்டம் கிடைக்கப் போகிறது.

இத்தனை இடர்களையும் பற்றி முறைப்பாடாக எழுதியிருப்பார்கள் என்றுதான் நினைத்தேன். ஆனால் பெரும்பாலான பக்கங்களில் இருந்தது முறைப்பாடு அல்ல. யாரோ ஒருவர் செய்த உதவி. அதிலும் அநேகமானவை உம்மாமாரைப் பற்றியவை.

கிண்ணியாப் பிள்ளை ஒருத்தி எழுதியிருக்கிறாள். வீட்டில் ஒரேயொரு தொலைபேசி, படிக்கிற பிள்ளைகள் மூவர். வீட்டுக்குள் சிக்னல் இல்லை. பின்வளவு முருங்கை மரத்தடியில்தான் கொஞ்சம் எடுக்கும். மழை பெய்த ஒரு நாள் விரிவுரை முடியும்வரை உம்மா குடையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றாராம். "உம்மாவும் முதலாம் வருடப் பொருளியல் முழுவதையும் கேட்டவர்தான். அவருக்கும் ஒரு பட்டம் தரவேண்டும்" என்று முடித்திருக்கிறாள்.

இன்னொரு பிள்ளை புத்தளம். அவளது உம்மா மன்னாரில் பிறந்தவர். 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது அவருக்குப் பதினான்கு வயது. கையில் எடுத்த பையில் இரண்டு பாடப் புத்தகங்கள் இருந்தனவாம். அகதி முகாமில் அவை மழையில் நனைந்து போயின. படிப்பும் அத்தோடு நின்றது. "பட்டமளிப்பு விழாவுக்கு உம்மாவைக் கூட்டிப் போவேன். அவர் வாழ்க்கையில் ஒரு பல்கலைக்கழக வாசலுக்குள் கால் வைப்பது அதுதான் முதல் தடவையாக இருக்கும்" என்று எழுதியிருக்கிறாள்.

அந்தப் பல்கலைக்கழகம் எழுந்ததும் அதே யுத்த காலத்தில்தான் என்பது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் படித்துக்கொண்டிருந்த எமது மாணவர்களின் படிப்பு சீர்குலைந்த சூழலில், 1995இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 1996இல் முழுப் பல்கலைக்கழகமானது. மர்ஹூம் எம்.எச்.எம். அஷ்ரஃப் அவர்கள் அதற்காகப் பட்ட பாட்டை அக்காலத்தவர் அறிவர். மகளைத் தூரத்துக்கு அனுப்பப் பயந்த எத்தனையோ குடும்பங்கள், ஒலுவில் என்றதும் சம்மதித்தன.

நான்கு பிள்ளைகள் தாங்கள் போர்டிங் இருந்த வீட்டுக்கார மூதாட்டியைப் பற்றியே எழுதியிருக்கிறார்கள். எரிவாயு கிடைக்காத 2022ஆம் வருட நோன்பில், அவர் இரவு இரண்டு மணிக்கு எழுந்து, விறகடுப்பு மூட்டி, எட்டுப் பிள்ளைகளுக்கும் சஹர் சமைத்துக் கொடுத்திருக்கிறார். வாடகையைக் கூட்டவில்லை. "ஊரில உங்கட உம்மாமார் நித்திர கொள்ளணுமே புள்ளயள்" என்று சொல்வாராம்.

ஆண் பிள்ளை ஒருவர், தான் வெள்ளி பின்னேரமும் சனிக்கிழமையும் மேசன் வேலைக்குக் கையாளாகப் போனதை முதன்முறையாக வெளியில் சொல்லியிருக்கிறார். அப்போது மஹாபொல மாதம் 5000 ரூபாய். அதையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, கூலிக் காசில் சாப்பிட்டிருக்கிறார். உம்மாவுக்கு இது தெரியாது; மலர் வந்த பிறகுதான் தெரியவரும்.

மற்றொரு பக்கத்தில் நான்கே வரிகள். கொரோனாவால் இறந்தோரின் உடல்களை எரித்தே ஆகவேண்டும் என்றிருந்த காலம், 2020 ஏப்ரல் முதல் 2021 பெப்ரவரி வரை நீடித்தது. அந்த நாட்களில்தான் இப்பிள்ளையின் உப்பா போய்ச் சேர்ந்திருக்கிறார். "எனக்கு கெம்பஸ் கிடைத்த செய்தியை அவரிடம் சொல்ல முடிந்தது. அவருக்காக ஒரு கப்ரைத் தோண்ட முடியவில்லை" என்று எழுதிவிட்டு நிறுத்தியிருக்கிறான். அதில் ஒரு புள்ளியைக்கூட நான் மாற்றவில்லை.

இப்படி வாசித்துக்கொண்டு போகையில் இருபத்தோராம் பக்கம் வந்தது. மேலே ஒரு பெண் பிள்ளையின் பெயர். கீழே ஒன்றுமே இல்லை. வெறும் வெள்ளைத்தாள்.

தாள் மாறி வந்துவிட்டது என்று நினைத்து மாணவிக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்டேன். "இல்ல மௌலவி, அது அவக்கு விட்ட இடம். ரெண்டாம் வருஷத்தோட நிண்டுட்டா. ஆனா அவவும் எங்கட பெச்தானே. எழுதித் தாங்க எண்டு கேட்டம். இன்னும் தரல்ல" என்றாள்.

அந்தப் பெயரை இன்னொரு முறை பார்த்தேன். எங்கள் ஊர்ப் பிள்ளை. அவளும் என்னிடம் படித்தவள்தான். மேலும் ஒன்று நினைவுக்கு வந்தது. அதைத்தான் இந்த மாதம் உங்களிடம் சொல்ல வேண்டும் என்று எழுதுகிறேன்.

2022ஆம் வருடத்தின் நடுப்பகுதி. ஒரு நாள் இஷா முடிந்து பள்ளிவாசல் படியில் இறங்கும்போது, அந்தப் பிள்ளையின் வாப்பா என்னைத் தனியாக அழைத்தார். "மௌலவி, மகளுக்கு ஒரு சம்பந்தம் வந்திருக்கு. நல்ல குடும்பம். ரெண்டு வருஷம் காத்திருக்க அவங்க விருப்பமில்ல. பஸ் காசும் ஏறிட்டுது. நாடும் இப்பிடிக் கிடக்கு. என்ன செய்யலாம்?" என்று கேட்டார்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "நல்ல இடமென்றால் தள்ளிப் போடாதீர்கள்" என்றேன். அவ்வளவுதான். மகளிடம் கேட்டீர்களா என்று கேட்கவில்லை. படிப்பைத் தொடர விடுவார்களா என்று மாப்பிள்ளை வீட்டாரிடம் பேசினீர்களா என்று கேட்கவில்லை. மின்வெட்டு இருட்டில் வீட்டுக்குப் போகும் அவசரம் எனக்கு. இரண்டு நிமிடத்தில் ஒரு பிள்ளையின் காரியத்தை முடித்துவிட்டுப் படியிறங்கினேன். அடுத்த மாதம் நிக்காஹ்வுக்குப் போய், வலீமா விருந்தும் சாப்பிட்டேன்.

சகோதரிகளே, திருமணம் படிப்புக்குப் பகையென்று நான் சொல்ல வரவில்லை. அதே முப்பத்து நான்கு பக்கங்களுக்குள் இன்னொரு பிள்ளையின் பக்கமும் இருக்கிறது. அவளும் இரண்டாம் வருடத்தில் மணமுடித்தவள். மூன்றாம் வருடப் பரீட்சை வரும்போது குழந்தைக்கு நாற்பது நாள். பரீட்சை மண்டபத்துக்கு வெளியே, மர நிழலில் பாயை விரித்து, பேரப்பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு மாமியார் இருந்திருக்கிறார். "மாமி, புள்ள அழுதா?" என்று வெளியே வந்து கேட்டால், "அழல்ல, நீ போய் எழுது" என்பாராம். பிள்ளை அழுதது உள்ளே வரைக்கும் கேட்டதாம். இருவருக்கும் திருமணம் ஒன்றுதான். ஒரு வீட்டில் முன்கூட்டியே பேசிக்கொண்டார்கள். மற்ற வீட்டில் யாரும் பேசவில்லை.

கோவையைத் திருப்பிக் கொடுக்குமுன் நான் அந்த வாப்பாவைத் தேடிப் போனேன். அன்று நான் சொன்ன பதிலை நினைவுபடுத்தி, அது சரியில்லை என்று ஒப்புக்கொண்டேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நீங்க வேற மாதிரி ஒரு சொல்லுச் சொன்னா நிண்டிருப்பன் மௌலவி. அதுக்காகத்தான் கேட்டன்" என்றார். அந்தச் சொல் இன்னும் என் நெஞ்சில் இருக்கிறது.

மறுநாள் மனைவியையும் கூட்டிக்கொண்டு அந்தப் பிள்ளையின் வீட்டுக்குப் போனோம். இரண்டு வயதுக் குழந்தை வாசலில் விளையாடிக்கொண்டிருந்தது. அவளது கணவர் கடையொன்றில் வேலை செய்பவர், பண்பானவர். என் மனைவி மலரைப் பற்றிக் கேட்டதும், அவள் அலுமாரியைத் திறந்து ஒரு கொப்பியைக் கொண்டு வந்தாள். எழுதத் தொடங்கியிருக்கிறாள். முதல் வருடத்து நினைவுகள் ஒரு பக்கம். அதற்குப் பிறகு எழுத ஒன்றுமில்லை என்று நிறுத்தியிருக்கிறாள்.

கணவர் அந்தக் கொப்பியை அன்றுதான் கண்டார். "படிக்கணுமெண்டு அவ ஒரு நாளும் என்னட்டக் கேக்கல்லயே மௌலவி. மறந்துட்டா எண்டுதான் நினைச்சன்" என்றார். அவளோ, "கேட்டா விட மாட்டாங்க எண்டு நினைச்சன்" என்றாள். மூன்று வருடங்கள் ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தவர்கள். இருவருக்கும் நடுவே இருந்தது கேட்கப்படாத ஒரு கேள்விதான்.

அன்றே உட்கார்ந்து பதிவாளருக்கு ஒரு கடிதம் எழுதினோம். எதுவும் அறிவிக்காமல் நின்றுவிட்ட படிப்பு. காலமும் கடந்துவிட்டது. திரும்பவும் சேர்ப்பார்களா என்பது நிச்சயமில்லை என்பதை அவளிடம் மறைக்கவில்லை.

ஆகவே உங்களிடம் சில வேண்டுகோள்கள்.

படிக்கிற மகளுக்குச் சம்பந்தம் வந்தால், பதில் சொல்லுமுன் அவளைத் தனியாக இருத்திக் கேளுங்கள். வாப்பாவின் முன்னால் அவள் தலையாட்டுவாள். உம்மாவிடம்தான் உண்மையைச் சொல்வாள். படிப்பை முடிக்க விடுவதாக மாப்பிள்ளை வீட்டார் சொன்னால், அதை இரு தரப்புப் பெரியவர்களின் முன்னிலையில் சொல்ல வையுங்கள். முடிந்தால் எழுதியும் வைத்துக்கொள்ளுங்கள். நிக்காஹ்வின்போது இப்படி நிபந்தனை வைப்பது கேவலமான காரியமல்ல.

நோயாலோ, பிரசவத்தாலோ, வறுமையாலோ படிப்பை இடைநிறுத்தத்தான் வேண்டும் என்றால், ஓசைப்படாமல் நின்றுவிடாதீர்கள். காரணத்தைக் குறிப்பிட்டு, பீடத்துக்கும் பதிவாளருக்கும் எழுத்தில் அறிவியுங்கள். பிரதியொன்றை வீட்டில் வைத்திருங்கள். அறிவித்துவிட்டு நிற்பவருக்குத் திரும்பிக் கேட்க ஓர் இடம் இருக்கும்.

மாமியாராக இருக்கும் சகோதரிகளே, ஒரு பரீட்சைக்கு மூன்று மணித்தியாலம். அந்த நேரம் பிள்ளையை நீங்கள் ஏந்திக்கொண்டால், அந்தப் பட்டத்தில் உங்களுக்கும் பங்குண்டு.

என்னைப் போன்ற ஆலிம்களுக்கும் இதில் ஒரு பாடமுண்டு. பள்ளிவாசல் படியில் நின்று ஒருவர் மகளின் காரியம் கேட்டால், "நாளை வீட்டுக்கு வாருங்கள், உட்கார்ந்து பேசுவோம்" என்று சொல்லலாம். நான் அன்று அதைச் சொல்லவில்லை.

மலர் அச்சுக்குப் போய்விட்டது. இருபத்தோராம் பக்கத்தில் எதையாவது போட்டு நிரப்பலாமா என்று அச்சகத்தில் கேட்டிருக்கிறார்கள். பிள்ளைகள் மறுத்துவிட்டார்கள். பெயர் மேலே இருக்க, பக்கம் வெறுமையாகவே வரப் போகிறது. பதிவாளரிடமிருந்து இன்னும் பதில் இல்லை. தொழுகையில் அந்தப் பிள்ளைக்காகவும் ஒரு துஆச் செய்யுங்கள்.

அடுத்த இதழில் சந்திப்போம், இன்ஷா அல்லாஹ். வஸ்ஸலாம்.