ஆன்டெனாவுக்கு முன் டம்மி லோடு

சி. வி. கிருஷ்ணசாமி செட்டியின் முயற்சியில் உருவான மதராஸ் மாகாண ரேடியோ கிளப், 1924 ஜூலை 31 அன்று ஒலிபரப்பைத் தொடங்கியது. ஆர்வலர்கள் கூடி நடத்திய அந்த நிலையத்தின் தொடக்கத் திறன் 40 வாட். பணத்தட்டுப்பாட்டால் 1927-ல் கிளப் மூடப்பட்டது. அதன் ஒலிபரப்புக் கருவி மாநகராட்சியின் கைக்குப் போய், 1930-ல் மறுபடி பேசியது.

அதே 40 வாட்டை ஒற்றை 807 வால்வு மோர்ஸில் தந்துவிடும். சிறுசேரி அடுக்ககத்தில் வசிக்கும் ஹாம் வானொலி ஆர்வலர் ஒருவர், 7 மெகாஹெர்ட்ஸுக்கு அந்த வால்வு டிரான்ஸ்மிட்டர் ஒன்றைத் தன் மேசையிலேயே கட்டலாம். கட்ட வேண்டும் என்பதே எங்கள் கருத்து. கண்டென்சரைத் திருப்பத் திருப்ப பிளேட் கரண்ட் முள் சட்டென்று இறங்கும் இடத்தைக் கண்டவருக்கு ஒத்ததிர்வைப் பற்றித் தனிப் பாடம் தேவையில்லை.

ஆனால் பிளேட்டில் இருப்பது 600 வோல்ட். பழைய சர்க்யூட்டுகள் பலவற்றில் மோர்ஸ் கீ நேராகக் கேத்தோடில் அமர்ந்திருக்கும். கீயைத் தூக்கியதும் அதன் முனைகளுக்கிடையே ஆபத்தான வோல்டேஜ் ஏறும். அதை அப்படியே நகலெடுக்காதீர்கள், நடுவில் ஒரு ரிலே வையுங்கள். பவர் சப்ளையில் பிளீடர் ரெசிஸ்டர் கட்டாயம். பை நெட்வொர்க்கின் வெளியீட்டிலிருந்து தரைக்கு 2.5 மில்லிஹென்ரி சோக் ஒன்றும் வேண்டும். பலர் இதை வீண்செலவு என்று விட்டுவிடுகிறார்கள். பிளேட்டின் பிளாக்கிங் கண்டென்சர் ஷார்ட் ஆகும் நாளில், அந்த சோக் இருந்தால் ஃபியூஸ் போகும். இல்லாவிட்டால் மொட்டைமாடிக் கம்பியில் 600 வோல்ட் நிற்கும். அங்கே துணி காயப்போட வருபவருக்கு நாம் யாரென்றே தெரியாது. கோவளம் பக்கத்து உப்புக்காற்றில் இன்சுலேட்டர்களின் மேல் படியும் ஈரத்தையும் அவ்வப்போது துடைத்தெடுங்கள்.

அடுத்தது சோதனை. “பெங்களூரில் கேட்டது” என்பது மகிழ்ச்சியான செய்தி, அளவீடு ஆகாது. 1 கிலோ ஓம், 2 வாட் கார்பன் ரெசிஸ்டர்கள் இருபதை இணையாகப் பற்றவைத்தால் ஆன்டெனாவுக்குப் பதிலாக இணைக்க 50 ஓம், 40 வாட் டம்மி லோடு தயார். வயர்வவுண்ட் வேண்டாம், அது சுருளாகவே நடந்துகொள்ளும். ஆசிலோஸ்கோப்பில் உச்ச வோல்டேஜ் 63 என்றால் 40 வாட் கணக்குச் சரி.

ஹார்மானிக் விஷயத்தில் நம்மிடம் ஒரு மெத்தனம் இருக்கிறது. 7.030-ன் இரட்டிப்பு 14.060, மும்மடங்கு 21.090, இரண்டும் நம் பேண்டுகளிலேயே விழுவதால் யாரும் புகார் செய்வதில்லை. ஐந்தாம் மடங்கு 35.150, அது நமக்கு உரியதல்ல. ஸ்பெக்ட்ரம் அனலைசர் எல்லோரிடமும் இருக்காது. ஒன்று வைத்திருக்கும் கிளப்புகள் மாதத்தில் ஒரு மாலையை இதற்கென்று ஒதுக்கட்டும். தாம்பரத்திலிருந்தும் சிறுசேரியிலிருந்தும் கருவியைச் சுமந்து வருபவர்கள் கையெழுத்திட்ட அளவீட்டுத் தாளோடு வீடு திரும்பட்டும். அத்தகைய தாள்களை சர்க்யூட் படத்தோடு அனுப்பினால் இவ்விதழில் வெளியிடுவோம். அளவீடு இல்லாத சர்க்யூட்டுகளை இனி ஏற்பதில்லை.